காய்ச்சலுக்கு எதற்கு பெட் ஸ்கேன்? உடலுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியைத் தேடும் விதம்

பெட் ஸ்கேன் என்றாலே புற்றுநோய் என்று நம் மனதில் பதிந்துவிட்டது. அதனால்தான் 3 வாரமாகக் காய்ச்சல் விடாத ஒருவருக்கு டாக்டர் அந்த ஸ்கேனை எழுதிக் கொடுத்ததும் வீடே கலங்கிப் போகிறது. டைஃபாய்டு, மலேரியா, டெங்கு, ஸ்க்ரப் டைஃபஸ் எல்லாம் பார்த்தாயிற்று, எதுவும் இல்லை என்று வந்தாயிற்று. அப்படியானால் டாக்டர் எதையோ மறைக்கிறார் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

அவர் மனதில் இருக்கும் பட்டியலில் புற்றுநோயும் உண்டு. நிணநீர்க் கணுக்களில் வரும் லிம்போமா, வெறும் காய்ச்சலாகவே தலைகாட்டக்கூடியது. ஆனால் காரணம் பிடிபடாத நீண்ட காய்ச்சலுக்குப் பின்னால் நம் நாட்டில் அதிகம் இருப்பது கிருமித்தொற்று. அதிலும் முன்வரிசையில் நிற்பது டிபி. கிருமி உடலில் எங்கோ உட்கார்ந்திருக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை. அந்த இடத்தைத் தேடுவதற்குத்தான் ஸ்கேன்.

ஒளிந்திருப்பது என்றால் என்ன?

தொண்டைப் புண், நிமோனியா, காலில் சீழ் வைத்த காயம் இவையெல்லாம் வெளிப்படையான தொற்றுகள். வலியோ இருமலோ வீக்கமோ இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்படி எதுவும் காட்டாமல் காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வை, அசதி என்று பொதுவான அறிகுறிகளோடு மட்டும் நிற்பதுதான் ஒளிந்த தொற்று.

1961-ல் பீட்டர்ஸ்டார்ஃப், பீசன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 'காரணம் தெரியாத காய்ச்சல்' என்பதற்கு ஓர் இலக்கணம் வகுத்தார்கள். காய்ச்சல் 38.3 டிகிரி செல்சியஸுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 101 ஃபாரன்ஹீட்டுக்கு மேல், பலமுறை வந்திருக்க வேண்டும். 3 வாரத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். மருத்துவமனையில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தும் காரணம் கிடைத்திருக்கக் கூடாது. அந்தக் காலத்தில் சிடி கிடையாது, எம்ஆர்ஐ கிடையாது. பின்னாளில் பரிசோதனைகள் வேகமானதால் அந்த ஒரு வாரம் சுருங்கியது. 3 வாரக் கணக்கு மட்டும் இன்றும் பெரும்பாலும் நிற்கிறது. சாதாரண வைரஸ் காய்ச்சல்கள் அதற்குள் தாமாகவே விலகிவிடும் என்பதுதான் அதன் நியாயம்.

கிருமி ஒளிந்துகொள்ள விரும்பும் இடங்கள் சில:

1. கல்லீரல், மண்ணீரல். கல்லீரலின் உட்பகுதிக்கு வலி தெரியாது, மேலுறைக்குத்தான் தெரியும். நடுவில் சீழ்க்கட்டி வளர்ந்தாலும் ஆள் நடமாடிக்கொண்டிருப்பார்.
2. முதுகெலும்பு. இங்கே வலி இருக்கும். ஆனால் முதுகுவலி இல்லாதவர் யார்? தைலம், பெல்ட், வலி மாத்திரை என்று மாதக்கணக்கில் ஓடிவிடும்.
3. இதய வால்வு.
4. உடலுக்குள் பொருத்திய பொருட்கள்: செயற்கை மூட்டு, பேஸ்மேக்கர், செயற்கை வால்வு, செயற்கை ரத்தக்குழாய். கிருமிகள் இவற்றின் மேல் பாசி போல ஒரு படலம் கட்டிக்கொண்டு அதற்குள் வாழும். மருந்துக்கும் சரி, வெள்ளையணுக்களுக்கும் சரி, அந்தப் படலத்தைத் துளைப்பது கடினம்.
5. நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் இருக்கும் நிணநீர்க் கணுக்கள். கையால் தடவிப் பார்க்க முடியாத இவை டிபிக்குப் பிடித்த இடம்.

இடம் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

எப்படியும் ஆன்டிபயாடிக்தானே கொடுக்கப் போகிறார்கள், அது ரத்தத்தில் கலந்து எல்லா இடத்துக்கும் போகுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மெலியோய்டோசிஸ் என்ற நோயை எடுத்துக்கொண்டால் பதில் எளிதில் விளங்கும்.

இந்த நோயைத் தரும் பாக்டீரியா ஈர மண்ணிலும் வயல் நீரிலும் வாழ்வது. மழைக்காலத்தில் காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போகும். சர்க்கரை நோய் உள்ளவர்களை அதிகம் பிடிக்கும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. டிபி என்று தவறாக எண்ணப்பட்டு அதற்கான மாத்திரைகள் ஓடிக்கொண்டிருப்பதும் உண்டு. நோயாளி இருமலோடு வந்தாலும், அவருடைய கல்லீரலிலும் மண்ணீரலிலும் தேன்கூடு போலப் பொத்தல் பொத்தலாகச் சீழ்க்கட்டிகள் இருக்கலாம். ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் இருக்கலாம்.

இந்த நோயை அதிகம் பார்க்கும் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில், மெலியோய்டோசிஸ் உறுதியான வயதுவந்த நோயாளிகள் எல்லோருக்கும், வயிற்றில் வலி இல்லாவிட்டாலும், வயிறு, இடுப்புக்கூடு சிடி எடுக்கிறார்கள். காரணம், ஊசி மருந்து எத்தனை வாரம் என்பதை அந்த இடம்தான் தீர்மானிக்கிறது. தோலில் மட்டும் என்றால் குறைந்தது 2 வாரம். உள்ளுறுப்பில் சீழ்க்கட்டி என்றால் 4. எலும்பு என்றால் 6. மூளை என்றால் 8. கிருமி ஒன்றுதான், மருந்தும் ஏறக்குறைய ஒன்றுதான், நாள்கணக்கு மட்டும் நான்கு மடங்கு மாறுகிறது. எலும்பில் இருப்பதைக் கவனிக்காமல் 2 வாரத்தில் நிறுத்தினால் நோய் திரும்பி வரும்.

இன்னொரு காரணம் சீழ். கட்டிக்குள் ரத்த ஓட்டம் இல்லை. எனவே மருந்து போதிய அளவில் உள்ளே போய்ச் சேராது. பெரிய சீழ்க்கட்டியை ஊசியாலோ குழாயாலோ வடித்தாக வேண்டும். இருக்கும் இடம் தெரியாமல் எதை வடிப்பது?

ரத்தக் கல்ச்சரில், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வளர்ந்தாலும் இதே கதைதான். தோலில் ஒரு கொப்புளத்திலிருந்து கிளம்பி, ரத்தத்தில் மிதந்து, முதுகெலும்பிலோ இதய வால்விலோ இறங்கித் தங்கிவிடும் சுபாவம் அதற்கு உண்டு. சரியான மருந்து தொடங்கி 2, 3 நாள் கழித்து எடுத்த கல்ச்சரிலும் அது வளர்கிறது என்றால், எங்கோ ஒரு கிடங்கு இருக்கிறது என்று அர்த்தம்.

உருவத்தைப் பார்ப்பவை

ஸ்கேன்களை இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் இல்லை. ஒரு வகை உறுப்பின் உருவத்தைப் பார்க்கிறது. இன்னொரு வகை அங்கே நடக்கும் வேலையைப் பார்க்கிறது. பூட்டிக் கிடக்கும் வீட்டைச் சுற்றி வந்து சுவரில் விரிசல் உண்டா என்று பார்ப்பது முதல் வகை. சுவரை விட்டுவிட்டு, கரண்ட் மீட்டர் ஓடுகிறதா என்று பார்ப்பது இரண்டாவது.

எக்ஸ்ரே நுரையீரலுக்கு நல்லது. எலும்புத் தொற்றுக்கு ரொம்பத் தாமதம். எலும்பின் தாது 30 முதல் 50 சதவீதம் கரைந்த பிறகுதான் அதில் மாற்றம் தெளிவாகத் தெரியும். அதற்கு 2, 3 வாரம் ஆகும். எனவே 'எக்ஸ்ரே நார்மல்' என்பதை எலும்பில் தொற்று இல்லை என்று படிக்கக் கூடாது.

அல்ட்ராசவுண்டை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம் என்பது என் கருத்து. கதிர்வீச்சு இல்லை, விலை குறைவு, கல்லீரல் சீழ்க்கட்டியை நன்றாகக் காட்டும், ஊசி போகும் வழியையும் அப்போதே திரையில் காட்டும். எலும்பையும் வாயுவையும் தாண்டிப் பார்க்க முடியாததுதான் அதன் குறை. இதய வால்வுக்கு எடுக்கும் எக்கோவும் இதே ஒலி அலைதான். நெஞ்சின் மேல் வைத்து எடுப்பதில் தெளிவு போதாவிட்டால், உணவுக்குழாய் வழியாகக் கருவியை இறக்கி இதயத்தின் பின்பக்கத்திலிருந்து பார்ப்பார்கள்.

சிடி, நெஞ்சும் வயிறும் முழுவதையும் சில விநாடிகளில் வெட்டுத் துண்டுகளாகக் காட்டும். ரத்தக்குழாயில் செலுத்தும் மருந்தோடு எடுத்தால், சீழ்க்கட்டியின் சுவர் வளையம் போலப் பளிச்சென்று தெரியும். அந்த மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் முதலில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைக் கேட்பார்கள்.

முதுகெலும்புக்கு எம்ஆர்ஐதான். அது திசுக்களில் உள்ள நீரைப் பார்க்கும் கருவி என்று எளிமையாகச் சொல்லலாம். தொற்று வந்த எலும்பின் மஜ்ஜையில் முதலில் நிகழ்வது நீர்கோத்தல். எலும்பு கரைவதெல்லாம் அதற்குப் பிறகுதான். அதனால் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும்போதே எம்ஆர்ஐ காட்டிக்கொடுத்துவிடும். முதுகெலும்பு டிபியை 1779-ல் பெர்சிவல் பாட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் விவரித்தார். இன்றும் அதற்குப் பாட் நோய் என்று பெயர். மற்ற பாக்டீரியாக்கள் எலும்புகளுக்கு நடுவில் உள்ள வட்டைச் சீக்கிரமே அரித்துவிடும். டிபி முதலில் வட்டை விட்டுவைத்து, எலும்புகளை இணைக்கும் நார்களுக்கு அடியில் மேலும் கீழும் ஊர்ந்து பல எலும்புகளுக்குப் பரவும். பக்கத்துத் தசையில் சூடோ சிவப்போ இல்லாத 'குளிர்ந்த' சீழைத் தேக்கும். சில சமயம் அந்தச் சீழ் தசை வழியே இறங்கித் தொடை இடுக்கில் கட்டியாகத் தெரியும். நோய் முதுகில், கட்டி தொடையில்! இதையெல்லாம் ஒரே படத்தில் காட்டுவது எம்ஆர்ஐ. ஆனாலும் டிபிக்கும் மற்ற பாக்டீரியாக்களுக்கும் உள்ள அந்த வேறுபாடுகள் குறிப்புகள்தான், தீர்ப்பு அல்ல.

சர்க்கரையைத் தூண்டிலாகப் போடுவது

எந்த உறுப்பைப் பார்ப்பது என்றே தெரியாதபோது இரண்டாம் வகை வருகிறது. பெட் ஸ்கேனில் கையில் ஏற்றும் மருந்தின் பெயர் எஃப்டிஜி. இது குளுக்கோஸ்தான், அதில் ஒரு சிறு பகுதியை எடுத்துவிட்டு அங்கே கதிரியக்கம் உள்ள ஃபுளோரின் 18-ஐ மாட்டியிருப்பார்கள். நடப்பது இது:

1. தொற்று உள்ள இடத்தில் வெள்ளையணுக்கள் கூடிச் சண்டை போடுகின்றன. சண்டைக்குத் தேவையான எரிபொருள் குளுக்கோஸ். எனவே அவை வழக்கத்தைவிட அதிகமாக உறிஞ்சுகின்றன.
2. எஃப்டிஜியையும் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுக்கின்றன. ஆனால் அந்தச் சிறு மாற்றத்தால் அதை முழுவதும் எரிக்க முடிவதில்லை. அது செல்லுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது.
3. சுமார் 1 மணி நேரம் அமைதியாக உட்காரவைத்த பிறகு இயந்திரம் உடலைப் படமெடுக்கிறது. எஃப்டிஜி எங்கே தேங்கியதோ அங்கே ஒளிர்கிறது.
4. கூடவே சிடியும் எடுப்பதால், ஒளிரும் புள்ளி எந்த உறுப்பில் இருக்கிறது என்று பொருத்திப் பார்க்க முடிகிறது.

மனித உடலில் எஃப்டிஜி முதன்முதலில் செலுத்தப்பட்டது 1976 ஆகஸ்டில், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில். அப்போது நோக்கம் மூளையைப் படம்பிடிப்பது. புற்றுநோய் செல்களும் சர்க்கரைப் பசி கொண்டவை என்பதால் பின்னாளில் அந்தத் துறை இதைத் தனதாக்கிக்கொண்டது. அந்தப் படங்களில் புற்றுநோய் இல்லாத சீழ்க்கட்டியும் டிபியும் சேர்ந்து ஒளிர்ந்தது அவர்களுக்குத் தொல்லை. தொற்றைத் தேடுபவர்களுக்கோ அதுவே வரம்.

'சரியாக இத்தனை மணிக்கு வந்துவிடுங்கள்' என்று ஸ்கேன் சென்டரில் கறாராகச் சொல்வதற்கும் காரணம் உண்டு. ஃபுளோரின் 18 சைக்ளோட்ரான் என்ற இயந்திரத்தில் தயாராகிறது. 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும். காலை 6 மணிக்குத் தயாரானது, பதினொன்றரைக்கு எட்டில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும். அடுத்த ஊருக்கு வண்டியில் வரும் மருந்து உங்களுக்காகக் காத்திருக்காது.

இதற்கு முன்பிருந்தே ஒரு பழைய முறையும் உண்டு: நோயாளியின் ரத்தத்தை எடுத்து, வெள்ளையணுக்களைப் பிரித்து, இண்டியம் 111 அல்லது டெக்னீஷியம் 99எம் என்ற கதிரியக்கப் பொருளைத் தடவித் திரும்ப உடலுக்குள் அனுப்புவது. அவை தொற்றைத் தேடிப் போகும்; பின்தொடர்ந்தால் இடம் தெரியும். யோசனை அழகானது, வேலை நெடியது. செயற்கை மூட்டு, சர்க்கரை நோயாளியின் பாதம் போன்ற இடங்களில் இன்றும் பயன்படுகிறது. முதுகெலும்பில் மட்டும் அது சொதப்பும்.

ஒளிர்வதெல்லாம் கிருமி அல்ல

மேலே சொன்னதைத் திரும்பப் பாருங்கள். பெட் ஸ்கேன் எந்தக் கட்டத்திலும் கிருமியைப் பார்க்கவில்லை. நம் உடலின் சண்டையைத்தான் பார்க்கிறது. சண்டை யாரோடு என்று அதற்குத் தெரியாது. ரிப்போர்ட்டைப் படிக்கும்போது வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இங்கிருந்து கிளம்புபவை.

1. சில உறுப்புகள் இயல்பாகவே ஒளிரும். மூளை எப்போதும் சர்க்கரை தின்பது. எனவே மூளைக்குள் இருக்கும் சீழ்க்கட்டி அந்த வெளிச்சத்தில் மறைந்துவிடும். எஃப்டிஜி சிறுநீரில் வெளியேறுவதால் சிறுநீரகமும் மூத்திரப்பையும் ஒளிரும்.

2. அறுவை சிகிச்சைக் காயம் ஆறும்போதும் வெள்ளையணுக்கள் வேலை செய்யும். ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2015 வழிகாட்டுதல், செயற்கை வால்வில் தொற்று உண்டா என்பதற்கான சான்றுகளில் பெட் சிடியைச் சேர்த்தபோது, வால்வு பொருத்தி 3 மாதம் ஆகியிருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது இதனால்தான். சொந்த வால்வில் உள்ள தொற்றோ பல நேரம் பெட்டில் தெரியாமலே போகும். மிகச் சிறியது, அதுவும் இதயத் துடிப்போடு ஆடிக்கொண்டே இருப்பது.

3. நெஞ்சில் ஒளிரும் நிணநீர்க் கணு டிபியாகவும் இருக்கலாம், லிம்போமாவாகவும் இருக்கலாம், கிருமியும் புற்றுநோயும் இல்லாமலே கணுக்கள் வீங்கும் சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோயாகவும் இருக்கலாம். ரிப்போர்ட்டில் 'எஸ்யுவி' என்று ஓர் எண் இருக்கும். எவ்வளவு சர்க்கரை தேங்கியது என்பதன் அளவு அது. எண் பெரிதாக இருந்தால் புற்றுநோய், சிறிதாக இருந்தால் டிபி என்று ஒரு கணக்கு உலவுகிறது. தவறு. சுறுசுறுப்பான டிபி, புற்றுநோய்க்குச் சமமாக ஒளிரும். டிபி அதிகமுள்ள நம் நாட்டில் வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தை அப்படியே வைத்துப் பெட் படத்தைப் படிப்பது ஆபத்து.

4. ஒளி அணையாததால் நோய் ஆறவில்லை என்றும் ஆகாது. தென்னாப்பிரிக்காவில் நுரையீரல் டிபிக்கு 6 மாத சிகிச்சை முடிந்து குணமானவர்களைப் பெட் சிடியில் பார்த்த ஆய்வு 2016-ல் வெளியானது. சளியில் கிருமி இல்லை, ஆனாலும் பலருக்கு நுரையீரல் இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. முதுகெலும்பு எம்ஆர்ஐயும் இப்படித்தான்; ஆள் தேறி நடக்கத் தொடங்கிய பிறகும் படம் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட மோசமாகவே தெரியும். நன்றாகத் தேறிவருபவருக்கு மாதாமாதம் எம்ஆர்ஐ எடுத்துக் கவலைப்படுவதில் பொருள் இல்லை.

5. ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தால் சண்டையே அடங்கியிருக்கும், படமும் அடங்கியிருக்கும். காய்ச்சலுக்குக் கண்டபடி ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு பிறகு ஸ்கேனுக்குப் போனால் நோய் தெரியாமல் தப்பிவிடலாம்.

ஸ்கேனுக்கு முன்னால்

எஃப்டிஜி ரத்தத்தில் உள்ள சர்க்கரையோடு போட்டி போட வேண்டும். எனவே சுகர் அதிகமாக இருந்தால் படம் மங்கும்; 200-க்கு மேல் இருந்தால் பல மையங்களில் வேறு நாள் வரச்சொல்வார்கள். போட்டதும் வேலை செய்யும் இன்சுலினை ஸ்கேனுக்குச் சற்றுமுன் போட்டால் எஃப்டிஜி தசைகளுக்கு ஓடிவிடும். மெட்ஃபார்மின் மாத்திரை குடலை ஒளிரவைக்கும். வயிற்றில் தேடும்போது அதை 2 நாள் முன்னதாக நிறுத்தச் சொல்வது உண்டு. ஆனால் இதையெல்லாம் சென்டரிலும் டாக்டரிடமும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். படித்துவிட்டுத் தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

இதயத்தில் தேடுவதென்றால் பத்தியம் கடுமை. சோறு, இட்லி, பழம் எதுவும் கூடாது. முட்டை, இறைச்சி, எண்ணெய் போன்ற மாவில்லாத உணவு, அதன்பின் நீண்ட பட்டினி. சர்க்கரை கிடைக்காத இதயத் தசை கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதன் இயல்பான ஒளி அணைந்து, தொற்று மட்டும் தெரியும். முதல்நாள் இரவு நாலு இட்லி சாப்பிட்டால் முழு ஸ்கேனும் வீணாகிவிடக்கூடும்.

யாருக்கு, எப்போது?

பெட் எஃப்டிஜியின் கதிர்வீச்சு ஏறக்குறைய 5 முதல் 7 மில்லி சீவர்ட். சிடி அதற்கு மேல் தனி. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நமக்கு இயற்கையாக ஆண்டுக்குக் கிடைப்பது உலகச் சராசரியாக 2.4. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில், கடற்கரை மணலில் தோரியம் இருப்பதால், இந்த இயற்கை அளவே கூடுதல். ஒருமுறை எடுப்பதில் பெரிய பயம் தேவையில்லை. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கணக்கு வேறு.

பணம்தான் உண்மையான தடை. காய்ச்சல் வந்த ஐந்தாம் நாளே 'உடம்பு முழுக்க ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாமே' என்பது வீண் செலவு. முதலில் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே ரத்தக் கல்ச்சர், மார்பு எக்ஸ்ரே, வயிற்று அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் எக்கோ. வலி ஏதாவது ஓர் இடத்தைச் சுட்டினால் அந்த இடத்துக்கான சிடி அல்லது எம்ஆர்ஐ. இவற்றிலும் பிடிபடாமல், சிஆர்பி, இஎஸ்ஆர் போன்ற அழற்சி அளவுகள் உயர்ந்தே இருந்தால் பெட் சிடிக்கு நியாயம் உண்டு. அவை இரண்டும் நார்மலாக இருந்தால் பெட்டில் ஏதும் கிடைக்கும் வாய்ப்பு குறைவு. காரணம் தெரியாத காய்ச்சலில் அது உருப்படியாக வழிகாட்டுவது ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான்.

ரத்தத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிருமி இருப்பவர்களுக்குப் பெட் எடுத்தால் இறப்பு குறைகிறது என்று நெதர்லாந்து ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு சந்தேகம்: பெட் எடுக்கும் நாள்வரை உயிரோடு இருந்தவர்களுக்குத்தானே பெட் எடுத்திருப்பார்கள்? முதல் சில நாட்களிலேயே இறந்தவர்கள் எல்லாம் 'எடுக்காதவர்கள்' கணக்கில் போய்விடுவார்கள். அந்தக் கோளாறைக் கழித்தால் பலன் எவ்வளவு மிஞ்சும் என்பதில் நிபுணர்களிடையே வாதம் நடக்கிறது.

படத்துக்குப் பின் ஊசி

ஸ்கேன் இடத்தைக் காட்டிவிட்டது. அடுத்தது, அதே இடத்தில் ஊசி செலுத்தித் திசுவையோ சீழையோ எடுப்பது. அது நுண்ணோக்கிக்கும், கல்ச்சருக்கும், டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனைக்கும் போக வேண்டும். எடுத்ததை முழுவதும் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கல்ச்சர் செய்ய முடியாது. கிருமி அதில் செத்துவிடும். ஒரு பகுதி ஃபார்மலினில், ஒரு பகுதி உப்புநீரில் என்று பிரித்து அனுப்புகிறார்களா என்று உறவினர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பல ஆயிரம் ரூபாய் ஸ்கேன் காட்டிய இடத்திலிருந்து எடுத்த துணுக்கு, தவறான பாட்டிலில் விழுந்து பயனற்றுப் போகக் கூடாது.

கிருமியை நேரடியாகவே ஒளிரவைக்க முடியாதா என்ற முயற்சியும் நடக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கில் டெக்னீஷியத்தை மாட்டிப் பார்த்தார்கள். கிருமியையும் வெறும் வீக்கத்தையும் அதனால் நம்பகமாகப் பிரித்துக்காட்ட முடியவில்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் எஃப்டிஜியையே சிறிது மாற்றி, சார்பிட்டால் வடிவமாக்கினார்கள். ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற குடல்வகை பாக்டீரியாக்கள் சார்பிட்டாலைத் தின்னும். நம் வெள்ளையணுக்களும் புற்றுநோய் செல்களும் அதை ஏறக்குறைய சீண்டுவதில்லை. எனவே ஒளிர்ந்தால் அங்கே பாக்டீரியா. ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸுக்கு இந்தத் தூண்டிலில் ஆசை இல்லை. அதற்கு வேறு இரை தேட வேண்டும், டிபிக்கு இன்னொன்று.